சுக்கு போட்ட பால்

ஜனவரி 17, புதன்

இன்று அப்பா குடிக்கும் பாலில் அரை ஸ்பூன் பொடி கலந்தேன்.

இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். மீறினால் அம்மாவுக்கு ஆகாது. எழுதினால் மீறியதாகுமா என்று தெரியவில்லை. கைதான் எழுதுகிறது, வாய் மூடியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் இவை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பொடியைக் கொண்டுவந்தது தவசி மாமா, அம்மாவின் தம்பி. ரயில்வே கேட் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: "குடியை மறக்கடிக்கும் மூலிகை. குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்." கீழே ஒரு போன் நம்பர். மாமா அந்த நம்பருக்குப் பேசி, கூரியரில் வரவழைத்தார். வெள்ளைப் பாக்கெட். மேலே ஒரு இலைப் படம், வேறு ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டு நாள் கொடுக்க வேண்டுமாம்.

அப்பா பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாஸ்டர். அறுபத்தொரு வயது. பள்ளிக்கு வந்தால் என் தாத்தா என்று நினைத்துக்கொள்வார்கள். புதுவருடத்துக்குப் பிறகு அவர் கை நடுங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கிளாஸைப் பிடிக்கும்போதுதான் உள்ளே டீ சின்னச் சின்ன வளையமாக ஆடும். போன வாரம் ஒரு கண்டக்டரின் கையில் கொட்டிவிட்டார்.

எனக்கு நாலு வயதாகும்வரை அப்பா குடிகாரராக இருந்தார். பிறகு கருப்பசாமி கோயிலில் சத்தியம் செய்து வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஆடியிலும் கயிற்றை மாற்றுவார். பதினோரு வருடம் ஆகிறது. அந்தக் காலத்தில் காலையில் சாராயக் கடை திறக்கும்வரை அவர் கை இப்படித்தான் நடுங்குமாம். அதனால் அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வீட்டில் அப்பா ராத்திரி ஒரு டம்ளர் பால் மட்டும் குடிப்பார், அதுவும் நான் ஆற்றிக் கொடுத்தால்தான். "மாஸ்டருக்கே மாஸ்டர் எம்மக" என்பார். அதனால்தான் இந்த வேலை எனக்கு வந்தது.

ஜனவரி 18, வியாழன்

பாலைக் குடித்துவிட்டு, "சுக்கு போட்டியா தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 20, சனி

மதியச் சாப்பாட்டைக் கடைக்கு எடுத்துப்போனேன். பாய்லர் முன்னால் முதலாளி அண்ணாச்சியே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பா கிளாஸ் கழுவும் தொட்டியருகே இருந்தார்.

"கை ரெண்டு நாள் சும்மா இருக்கட்டும்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு தாயி" என்று சிரித்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் அவரை விடவில்லை.

"மாஸ்டர் டீயில நொரை கிளாஸுக்குள்ள நிக்கும். இப்பல்லாம் கிளாஸுக்கு வெளியவுமுல்ல நிக்கிது."

"நரம்புத் தளர்ச்சிய்யா. எங்க சின்னையாவுக்கு இதே மாதிரிதான். அவுக அப்பாவுக்கும் இருந்துச்சு."

"சுகரா இருக்கும். பசி வந்தா நடுங்கும், பாத்துக்கோ."

"நாளைக்கு இருவது டீ குடிச்சா மாஸ்டர் என்ன, பாய்லரே நடுங்கும்!"

மூலையில் இருந்த ஒருவர் எதுவும் பேசவில்லை. கட்டைவிரலை மட்டும் வாய்க்கு நேரே தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் கையிலிருந்த இரண்டு கிளாஸ்களும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

துவைக்கப் போட்டிருந்த அவர் சட்டையை வீட்டில் முகர்ந்து பார்த்தேன். வியர்வை, டீத்தூள், பால் காய்ந்த வாடை. வேறு எதுவும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "வாசம் வராம குடிக்கத் தெரியாதா அந்த மனுசனுக்கு?" என்றாள்.

ஜனவரி 23, செவ்வாய்

நாளை மறுநாள் அறிவியல் தேர்வு. ஹார்மோன் பாடம் மண்டையில் ஏறவில்லை.

அப்பா இன்று ஐந்து தோசை சாப்பிட்டார். இன்னும் பசிக்கிறது என்றார். இவ்வளவு சாப்பிட்டும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, என் பழைய ரிப்பனை எடுத்துக் கட்டிக்கொண்டார். "குடிச்ச வகுத்துக்கு இப்பிடித்தான் பசிக்கும்" என்று அம்மா தோசைக் கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மாவை நான் தப்பாக நினைக்கக் கூடாது. எனக்கு மூன்று வயதில் அம்மை வந்து கிடந்தபோது, மருந்து வாங்கப் போன அப்பா இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். பஸ் ஸ்டாண்ட் சாக்கடையிலிருந்து தூக்கிவந்தார்கள். அம்மா அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொல்லும்போது அவள் கையும் நடுங்கியது.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம் முடிந்ததும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டார்கள். தைராய்டு கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. மிஸ் என் பதிலை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அப்பாவுக்குக் கொடி வணக்க மிட்டாயைக் கொடுத்து, பதிலையும் வாசித்துக் காட்டினேன்.

"தைராக்சின் அதிகமாகச் சுரந்தால் உடல் வெப்பம் உயரும், வியர்வை பெருகும், நன்கு உண்டாலும் எடை குறையும், கண்கள் பிதுங்கும், படபடப்பு உண்டாகும்."

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வெளியே பனி. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

"இம்புட்டும் ஒரே ஆளுக்கு வருமா தாயி? பாவம்" என்றார்.

ஜனவரி 28, ஞாயிறு

மாமா வந்திருந்தார். நடுவீட்டில் அப்பாவை உட்காரவைத்து விசாரணை நடந்தது.

"மச்சான், மறைக்காமச் சொல்லுங்க. எப்பலேருந்து?"

"மாப்ள, நா தொடல." அப்பா கயிற்றைக் காட்டினார். "இதுக்கு மேல என்ன சொல்ல?"

"கயிறு பேசுமாக்கும்? கைய நீட்டுங்க."

அப்பா இரண்டு கைகளையும் நேராக நீட்டினார். மாமா தினசரித் தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து விரல்கள் மேல் விரித்துவைத்தார். ஃபேன் ஓடவில்லை. ஜன்னலும் மூடியிருந்தது. ஆனாலும் தாள் படபடவென்று ஆடியது.

"பாத்துக்கக்கா" என்றார் மாமா.

அம்மா பார்க்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து, "சாமி கேக்குது. சத்தியத்தை மீறுனா கருப்பன் சும்மா விடுவானா? இன்னொரு வாட்டி அந்தச் சாக்கடைக் கோலத்தை எங்கண்ணு பாத்துச்சுன்னா, புள்ளையக் கூட்டிட்டு தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அம்மா சத்தம் போடாமல் சொல்வதையெல்லாம் செய்துவிடுவாள்.

அப்பா தாளை மடித்து மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 30, செவ்வாய்

அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். அடியில் துண்டில் சுற்றி ஒரு பாட்டில் இருந்தது. பழுப்பு நிறம். 

அது சாராயம் இல்லை, அரிஷ்டம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். "நரம்புத் தளர்ச்சி, கை கால் நடுக்கம். உணவுக்குப் பின் இரண்டு மூடி." நடுங்குவதை வீட்டில் ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, ஒளித்துவைத்துக் குடிக்கப் பார்க்கிறார்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை, கூடவே இன்னொரு வாடையும். லேபிளின் ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்து. டார்ச் அடித்துப் படித்தேன். தானாக உண்டாகும் ஆல்கஹால், நூற்றுக்கு எட்டு பங்கு.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். இவ்வளவு பொடி எழுத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார். இது குடியா? இதைக் குடித்தால் சத்தியம் உடையுமா? அம்மாவிடம் காட்டினால் ஒரே முகர்வில் முடிவு செய்துவிடுவாள். நாளைக்கே மாமா வீட்டுக்குப் பெட்டி கட்டுவாள். அப்பாவிடம் சொல்லலாம் என்றால், எதற்காகப் பையைச் சோதித்தாய் என்று கேட்பார். அங்கே தொடங்கினால் பேச்சு பொடியில் போய் நிற்கும்.

துண்டில் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் மருந்து நிற்கும் உயரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். நானும் அப்பாவைச் சந்தேகப்படுகிறேன்.

பிப்ரவரி 1, வியாழன்

மாலை ஆட்டோவில் அப்பாவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகமும் கழுத்தும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன. வாசலிலேயே வாந்தி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கிது, அடிக்கிது" என்றார். ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது: "அக்கா, மருந்து வேலை செய்யிது! குடிச்சா வாந்தி வரும், மொகம் செவக்கும்னு மருந்து அனுப்புனவங்க சொன்னாங்கல்ல? குடிச்சிருக்காரு, அதான் மருந்து புடிச்சிக்கிருச்சு."

அப்பாவைத் துடைத்துவிட்டபடியே அம்மா அழுதாள். சிரித்தமாதிரியும் இருந்தது. "கருப்பா, காட்டிக் குடுத்திட்டியே" என்றாள்.

"எதுக்குடி அழுகுற? நா ஒண்ணும் தொடல. சத்தியமா தொடல" என்றார் அப்பா.

இரண்டு மணி நேரத்தில் சிவப்பு இறங்கியது. பாட்டிலைப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

பிப்ரவரி 2, வெள்ளி

இனி முழு ஸ்பூன் என்றாள் அம்மா. பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முழு ஸ்பூன் போட்டேன்.

பிப்ரவரி 3, சனி

அப்பா கடைக்குப் போகவில்லை. பாட்டிலில் குறையவில்லை. உடம்புக்கும் ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

மதியம் கறிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு அப்பா கொல்லைப்பக்கம் போனார். கால் மணி நேரம் கழித்து, துவைக்கிற கல்லருகே விழுந்துகிடந்தார். வியாழக்கிழமையைவிட மோசம். கண் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உதடு வெளுத்துவிட்டது. கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது, அது துடித்த வேகத்தில் என்னால் எண்ண முடியவில்லை.

அம்மா இந்தத் தடவை அழவில்லை. தண்ணீர் தெளித்தாள், பாயில் படுக்கவைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து என் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். உடம்பு சீக்கிரம் தேறட்டும் என்று மூன்று மூடி குடித்திருப்பார் போல.

இப்போது எழுதுகிறேன். எழுதினால்தான் புரிகிறது. வியாழன்: பாட்டில் குறைந்தது, விழுந்தார். வெள்ளி, சனி: குறையவில்லை, விழவில்லை. ஞாயிறு: குறைந்தது, விழுந்தார். பாட்டிலில் எட்டு பங்கு ஆல்கஹால் இருக்கிறது. பொடி சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி வரும் என்று மாமாவே சொன்னார். அப்பா குடிக்கவில்லை, மருந்து சாப்பிட்டார். விழ வைத்தது கருப்பசாமி இல்லை, நான்.

சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் அப்பா.

இன்று பாலில் பொடி போடவில்லை. அம்மா பார்க்கும்போது ஸ்பூனில் கோதுமை மாவு இருந்தது. ஆனால் பதினெட்டு நாள் பொடி உள்ளே போயிருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது? கருப்பசாமி, என் கையை எடுத்துக்கொள்.

பிப்ரவரி 5, திங்கள்

விடியும்போது அப்பாவுக்கு மறுபடி நெஞ்சு படபடத்தது. நேற்றிலிருந்து நிற்கவே இல்லை என்று இப்போதுதான் சொன்னார். அம்மா துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள். நான் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "இப்பப் போயி பையி எதுக்குடி?" என்றாள். பையோடு ஆட்டோவில் ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு அம்மா, என் மிஸ் வயதுதான் இருக்கும். "பெரியவரே, கைய நேரா நீட்டுங்க" என்று சொல்லி, ஓ.பி. சீட்டை விரல்கள் மேல் வைத்தார். சீட்டு ஆடியது. இவரும் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்பாவின் பின்னால் போய் நின்று, கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார்.

"பசி எப்படி?"

"நல்லா சாப்புடுவாரு" என்றாள் அம்மா. "ஆனா வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது."

"வேர்க்குமா?"

"மார்கழியிலயே வேர்த்துச்சு."

"குடிப்பாரா?"

"பதினோரு வருசமா இல்லம்மா" என்றார் அப்பா.

"பொய் டாக்டர்" என்றாள் அம்மா. "மறுபடி ஆரம்பிச்சிட்டாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடிய அந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"வேற மருந்து, மாத்திரை, பொடி, லேகியம் ஏதாவது எடுக்கிறாரா?"

"இல்ல" என்றாள் அம்மா.

பையைத் திறந்தேன். பாட்டிலையும் பாக்கெட்டையும் மேஜை மேல் வைத்தேன்.

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "இது யாரு குடிக்கிறது?"

"நான்தாம்மா. கை நடுக்கத்துக்குன்னு நாட்டு மருந்துக் கடையில குடுத்தாங்க."

"இந்தப் பொடி?"

அப்பா பாக்கெட்டைப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதும்மா."

 நான் அம்மாவின் தலையைப் பார்த்தேன். வகிடு கலைந்து, முன்பக்கம் நரைத்திருந்தது. அங்கேதான் கையை வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதினேன்: பாலில். ஜனவரி 17 முதல் தினமும் அரை ஸ்பூன். பிப்ரவரி 2, 3 ஒரு ஸ்பூன். குடியை நிறுத்த. அவருக்குத் தெரியாது.

டாக்டர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டார்.

"யாரு கலந்தது?"

வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

"நாஞ்சொல்லித்தான் செஞ்சா" என்று அம்மா கத்தினாள். "அவ சின்னப் புள்ள. அவளை ஒண்ணும் கேக்காதீங்க. எல்லாம் நாஞ்சொன்னது."

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்ட்ரெச்சர், நெஞ்சில் வயர்கள். இதயம் நூற்றைம்பது அடிக்கிறது, அதுவும் தாறுமாறாக அடிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஊசி ஏற்ற இடைஞ்சலாக இருந்ததால் நர்ஸ் கத்தரியை எடுத்து மணிக்கட்டுக் கயிற்றை வெட்டினாள். அப்பா தடுக்கப் பார்த்தார், கை எழவில்லை. தரையில் விழுந்த கயிற்றை அம்மா எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வராந்தாவில் வைத்து டாக்டர் அம்மாவைத் திட்டினார். "வயசானவங்களுக்குக் கை நடுங்க ஆயிரம் காரணம் இருக்கும்மா. தைராய்டா இருக்கலாம், பரம்பரையா இருக்கலாம், சாப்பிடுற மாத்திரையா இருக்கலாம், டீ காபி கூடினாக்கூட நடுங்கும். நரம்பு வியாதியும் உண்டு. குடி அதுல ஒண்ணு. நீங்க அந்த ஒண்ணை மட்டும் புடிச்சிக்கிட்டீங்க. அந்தப் பொடியில குடிய நிறுத்தக் குடுக்குற மாத்திரைய இடிச்சுக் கலந்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன். அது உள்ள இருக்கும்போது ஒரு சொட்டு ஆல்கஹால் பட்டாலும் ஆளைத் தூக்கிரும். ஏற்கெனவே ஓடி ஓடிக் களைச்ச இதயம் அவருக்கு."

அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப அவரு குடிக்கலையா?"

பிப்ரவரி 7, புதன்

ரத்த முடிவு வந்துவிட்டது. தைராய்டு. பல மடங்கு அதிகமாம்.

மாத்திரை போட்டால் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும் என்கிறார்கள். இதயத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். பத்து நாள் தாண்ட வேண்டும்.

உடல் வெப்பம். வியர்வை. எடை. கண்கள். படபடப்பு. ஐந்துக்கு ஐந்து. அவரை எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். விடைத்தாளைக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று போர்வை இல்லை.

அப்பா நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லை. மாமா வந்து கட்டில் காலருகே நின்றுவிட்டுப் போனார். அண்ணாச்சி ஹார்லிக்ஸ் வாங்கிவந்து, "பாய்லர் ஒங்களுக்காகத்தான் காத்துக்கெடக்கு மாஸ்டர்" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கயிறு இருந்த இடத்தை இடது கையால் தடவிக்கொண்டே இருக்கிறார். வெயில் படாமல் அந்த இடம் மட்டும் வெளுத்து, வளையல் போலத் தெரிகிறது.

மாலையில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெட்டிய இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். ஊசி இல்லாத கையை எடுத்து அதில் கட்டினாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அப்பா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அம்மா டம்ளரை என்னிடம் நீட்டினாள். என்னால் முடியாது என்று தலையாட்டினேன். "நீ குடுத்தாத்தான் குடிப்பாரு" என்றாள். பொடியைக் கையில் கொடுத்த அன்றும் இதையேதான் சொன்னாள்.

ஆற்றிக் கொண்டுபோனேன். அப்பா டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுக்கு போட்டியா தாயி?"

நான்கு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

"இல்லப்பா. வெறும் பாலு."

வாங்கிக்கொண்டார். பால் வளையம் வளையமாக ஆடியது. குடிக்கவில்லை. நான் டம்ளரைத் திரும்ப வாங்கி, அவர் கண்ணெதிரே உதடு வைத்து ஒரு வாய் குடித்தேன். எச்சில் டம்ளர் என்று பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன். நான் குடித்த இடத்திலேயே அவரும் உதட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். மோவாயிலும் மார்பிலும் சிந்தியது. நான் பிடிக்கப் போகவில்லை.

காலி டம்ளரைக் கொடுக்கும்போது இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.